எந்தக் காகிதத்தை முதலில் திருத்துவது?

கேள்வி: கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். நானும் ஐந்து வயது மகனும் அங்கே போய்ச் சேர விசாவுக்கு விண்ணப்பித்தோம். பாஸ்போர்ட்டில் என் பெயர் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி, திருமணச் சான்றிதழில் கணவர் பெயரோடு சேர்ந்து இன்னொரு மாதிரி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடமே காலி. ஒரு தடவை விசாவை மறுத்துவிட்டார்கள். பெயர் பொருந்தவில்லை என்று கவுன்ட்டரில் சொன்னார்கள். பிறப்புச் சான்றிதழைத் திருத்தப் போனால் பள்ளிச் சான்றிதழைத் திருத்திக்கொண்டு வா என்கிறார்கள். பள்ளிக்குப் போனால் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் எழுதியிருக்கிறோம் என்கிறார்கள். இதற்குள் போலீஸ் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. போன வாரம் கவுன்ட்டரில் கத்திவிட்டேன், அழுதும்விட்டேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பது இதுதானா? வேண்டுமென்றே அலையவிடுகிறார்களா? தோழி ஒரு ஏஜென்டைச் சொல்கிறாள். அவருக்கு உள்ளே ஆள் இருக்கிறதாம். முன்பு மறுத்ததைப் படிவத்தில் சொல்லவே வேண்டாம் என்கிறார் அவர். கணவரோ டிக்கெட்டைப் போட்டுவிடுவோம், அதைக் காட்டினால் சீக்கிரம் கொடுப்பார்கள் என்கிறார். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் ஏஜென்ட் விஷயத்தைப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் தாமதமானாலும் சரிசெய்யக்கூடியவை. இதில் கால் வைத்தால் மீண்டு வருவது கஷ்டம்.

அநேகமாக எல்லா விசாப் படிவத்திலும் ஒரு கேள்வி இருக்கும்: இதற்கு முன் உங்களுக்கு விசா மறுக்கப்பட்டிருக்கிறதா? அதற்கு ‘ஆம்’ என்று எழுதி, பெயர் வேறுபாட்டால் மறுக்கப்பட்டது, இப்போது சரிசெய்துவிட்டேன் என்று ஆதாரத்தோடு விளக்கினால் அது பழைய கதை, அவ்வளவுதான். ‘இல்லை’ என்று எழுதினால் அது பொய்த்தகவல். கனடாவில் அதற்கு 5 வருடத் தடை. பிரிட்டனில் ஏமாற்றியதாக முடிவு செய்தால் 10 வருடம் வரை போகும். அமெரிக்கச் சட்டத்தில் ஆயுள் தடையே உண்டு. விலக்கு கேட்கலாம், ஆனால் அது தனிப் போராட்டம். மறைத்துவிடலாம் என்ற நம்பிக்கையும் வீண். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம் ஷெங்கன். அவற்றுக்குப் பொதுவான விசாத் தகவல் தொகுப்பு ஒன்று 2011 முதல் இயங்குகிறது. அதில் மறுப்புகளும் கைரேகையோடு பதிவாகியிருக்கும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடிவரவுத் தகவல்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன. படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. நாளைக்கு ஏஜென்ட் போனை எடுக்காமல் இருந்துவிடலாம், தடை உங்கள் பெயரில்தான் நிற்கும்.

‘உள்ளே ஆள்’ என்பதும் பெரும்பாலும் கதைதான். பாஸ்போர்ட்டையும் கைரேகையையும் வாங்கும் விண்ணப்ப மையங்கள் பல, தூதரகங்களுக்காக வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள். ஐரோப்பிய விசாச் சட்டப்படி விசா கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவில் அவர்களுக்குப் பங்கே கிடையாது. கவரை வாங்கி அனுப்புவதோடு அவர்கள் வேலை முடிந்தது. அங்கே ஆள் இருந்து என்ன பயன்? படிவம் நிரப்ப, மொழிபெயர்ப்புச் செய்ய உதவி வேண்டுமென்றால் தாராளமாக ஆள் வையுங்கள். ஆனால் நீங்கள் போகும் நாட்டில் காசு வாங்கி ஆலோசனை சொல்ல உரிமம் தேவையா என்று பாருங்கள். கனடாவில் தேவை, பிரிட்டனிலும் அதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது. பெயரைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இனி உங்கள் பூசாரி. பழமொழியில் வரம் கிடைத்துவிட்டது, பூசாரிதான் தடுக்கிறார். உங்கள் விஷயத்தில் கவுன்ட்டரில் இருப்பவருக்கு வரம் கொடுக்கவும் அதிகாரமில்லை, தடுக்கவும் பெரிதாக அதிகாரமில்லை. அவர் முன்னால் திரையில் ஒரு பட்டியல் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் இந்தச் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றா, ஆம் அல்லது இல்லை. ‘கிட்டத்தட்ட ஒன்றுதான், பார்த்தாலே தெரிகிறது’ என்று டிக் அடிக்க அங்கே பெட்டி கிடையாது. ஒற்றை எழுத்தைப் பெரிசுபடுத்தாமல் ஃபைலை அவர் அனுப்பிவைத்து, பின்னால் தணிக்கையில் மாட்டினால் விளக்கம் கேட்பது அவரிடம். உங்களைத் திருப்பி அனுப்பி நீங்கள் மூன்று மாதம் அலைந்தால் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். தப்பு செய்தால் தண்டனை, தாமதம் செய்தால் ஒன்றுமில்லை என்று வைத்திருக்கும் இடத்தில் யார் உட்கார்ந்தாலும் கொஞ்ச நாளில் இப்படித்தான் ஆவார்கள். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. மோசமான ஏற்பாடு. எல்லாரும் நல்லவர்கள் என்றும் சொல்லவில்லை, காசுக்காக இழுத்தடிப்பவர்களும் உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் யாரும் காசு கேட்டதாகத் தெரியவில்லை.

கத்தியதற்காகவும் அழுததற்காகவும் குற்றவுணர்ச்சி வேண்டாம். அரசு நடைமுறைகள் மக்கள்மேல் ஏற்றும் சுமையை ஆராய்ந்த பேராசிரியர்கள் பமீலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹன் இருவரும் அதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். என்ன தேவை என்று கண்டுபிடிக்கும் பாடு, அதைத் திரட்டிக் கொடுக்கும் பாடு, இதனால் மனசு படும் பாடு. முதல் இரண்டுக்கும் ரசீதாவது மிஞ்சும். மூன்றாவதற்குக் கணக்கே கிடையாது, வீட்டில்கூட ‘ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நாளா’ என்பார்கள். அடுத்த தடவை போகும்போது ஒரு ஆளைக் கூட அழைத்துப் போங்கள். பேச வேண்டியதில்லை, சொன்னதைக் குறித்துக்கொண்டால் போதும். கோபத்தில் இருக்கும்போது பாதிதான் காதில் விழும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? மறுப்புக் கடிதத்திலிருந்து. உங்கள் கேள்வியில் ‘கவுன்ட்டரில் சொன்னார்கள்’ என்றுதான் இருக்கிறது, கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஷெங்கன் நாடு என்றால் மறுப்புக்கு ஒரே மாதிரியான படிவம் உண்டு, அதில் காரணத்துக்கு நேராகக் குறியிட்டிருப்பார்கள், மேல்முறையீடு எங்கே, எத்தனை நாளுக்குள் என்பதும் இருக்கும். அமெரிக்கா என்றால் எந்தச் சட்டப் பிரிவில் மறுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 221(ஜி) என்றால் காகிதம் குறைகிறது அல்லது சரிபார்ப்பு முடியவில்லை என்று அர்த்தம், கேட்டதைக் கொடுக்க ஒரு வருடம் வரை அவகாசம் இருக்கும். 214(பி) என்றால் கதையே வேறு. நீங்கள் திரும்பிவிடுவீர்கள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதற்குப் பொருள். அது தற்காலிக விசாவுக்கான பிரிவு. அதை வைத்துக்கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்த ஓடினால் ஓட்டம்தான் மிச்சம். கனடாவில் உங்கள் விண்ணப்பத்தைப் பற்றி அதிகாரி எழுதிவைத்த உள்குறிப்புகளையே கேட்டு வாங்க வழி இருக்கிறது. மறுப்புக் கடிதத்தில் பல சமயம் பொதுவான நாலு வரிதான் இருக்கும், உண்மைக் காரணம் குறிப்பில் இருக்கும். மறு விண்ணப்பம் போடும் முன் அதை வாங்கிப் படிப்பவர்கள் குறைவு என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

கடிதத்திலும் பெயர்தான் பிரச்சினை என்றே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து, படம் உள்ள பக்கத்தின் அடியைப் பாருங்கள். அம்புக்குறி மாதிரி அடையாளங்கள் நிறைந்த இரண்டு வரி இருக்கும். ஒவ்வொன்றிலும் சரியாக 44 இடம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த முறை இது, எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் ஒன்றுதான். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அந்த அம்புக்குறி தவிர வேறு எதற்கும் இடமில்லை. முதல் வரியில் பெயருக்கு 39 இடம். குடும்பப் பெயர் முன்னால், இரண்டு அம்புக்குறி, பிறகு சொந்தப் பெயர். குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு இருக்கும் ஒரே பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாம் வரியில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றுக்கும் பின்னால் தலா ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. ஒரு எண் பிசகினாலும் இயந்திரம் பிடித்துவிடும். பெயருக்கு அப்படி ஒரு இலக்கம் கிடையாது. ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’ இருக்கிறதா இரண்டு ‘ஏ’ இருக்கிறதா என்பதை ஆள்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் ஆள்தான் திருப்பி அனுப்புவார். நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்.

ஒற்றைப் பெயர்க்காரர்கள் உலகம் முழுக்க இந்தத் தொல்லையை அனுபவிக்கிறார்கள். இந்தோனேசியர்கள், பர்மியர்கள், ஆப்கானியர்கள், நம்மவர்கள். அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் இடத்தில் ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கமாக ‘எஃப்என்யு’ என்று அடித்துக் கொடுப்பார்கள். அப்புறம் அங்கே வங்கியிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே பெயராக ஒட்டிக்கொள்வதுண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு வருகை விசாவே இல்லை என்று அறிவித்தது. ஆகவே பாஸ்போர்ட்டில் காலியாக இருக்கும் இடம் உங்களுக்குப் பின்னாலும் தொல்லை கொடுக்கும். ஆனால் அதை இப்போதே தொடாதீர்கள். பாஸ்போர்ட்டை மாற்றினால் எண் மாறும், விண்ணப்பம், போலீஸ் சான்று, கணவர் தரப்பு ஆதரவுக் கடிதம் எல்லாமே பழைய எண்ணோடு நிற்கும். முதலில் கீழே உள்ள காகிதங்கள், கடைசியில் பாஸ்போர்ட், அதுவும் தேவைப்பட்டால்.

உங்களிடம் உள்ள எல்லா ஆவணத்தையும் தரையில் பரப்பிவைத்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருப்பவை ஒரு பக்கம், மாறியிருப்பவை ஒரு பக்கம் என்று பிரியுங்கள். திருமணச் சான்றிதழ் மாறியிருப்பது பொதுவாகப் பிரச்சினை இல்லை. கல்யாணத்தால் பெயர் மாறியது என்பதற்கு அதுவே ஆதாரம், மாற்றத்தின் இரண்டு முனையும் அதில் தெரிந்தால் போதும். பாஸ்போர்ட்டோடு பெரும்பான்மை ஒத்துப்போய், பிறப்புச் சான்றிதழும் அதைப் பார்த்து எழுதிய பள்ளிச் சான்றிதழும் மட்டும் தனித்து நின்றால், திருத்த வேண்டியது பிறப்புச் சான்றிதழ். அது திருந்தினால் பள்ளி தானாக வழிக்கு வரும், ‘அதில் உள்ளபடிதான் எழுதினோம்’ என்று அவர்களே சொல்லிவிட்டார்களே. வேறுபாடு ஓரிரு எழுத்துதான் என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று நோட்டரி முன் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தைச் சில தூதரகங்கள் ஏற்பதுண்டு. ஆனால் ஒரு தடவை மறுப்பு வந்துவிட்ட உங்களுக்கு அதை மட்டும் நம்பச் சொல்லமாட்டேன். அடிப்படையைத் திருத்திவிட்டு, பத்திரத்தையும் துணைக்கு வையுங்கள்.

திருத்தம் கேட்கும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் கையில் இருப்பது சான்றிதழ். அது பார்த்து எழுதப்பட்டது பதிவேட்டிலிருந்து. அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் சான்றளிக்கப்பட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். பதிவேட்டில் பெயர் சரியாக இருந்து, சான்றிதழில் எடுத்து எழுதும்போதோ ஆங்கிலத்தில் தட்டும்போதோ பிசகியிருப்பது அடிக்கடி நடக்கிறது. அப்படியானால் உங்களுக்குத் திருத்தமே தேவையில்லை, புதுச் சான்றிதழ் போதும். பதிவேட்டிலேயே தவறு என்றால், பல நாடுகளில் பழைய பதிவை அடித்துவிட்டு எழுதமாட்டார்கள், ஓரத்தில் குறிப்பு எழுதுவார்கள். பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே தாளில் இருப்பதைப் பார்த்துப் பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். பழைய காகிதங்களில் இருக்கும் ஆளும் நீங்களும் ஒருவரே என்று அரசே சொல்லும் தாள் அது.

ஆதாரத்துக்குப் பள்ளிச் சான்றிதழ் ஒன்றுதான் வழி என்று நினைத்துக்கொண்டு சுற்றாதீர்கள். பிறந்த மருத்துவமனையின் பதிவு, தடுப்பூசி அட்டை, பெற்றோரின் பழைய ஆவணங்கள், இவற்றில் எது செல்லும் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், அடுத்த கவுன்ட்டரில் அது செல்லாது. கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் சண்டை வேண்டாம், அன்றைக்கே பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ இப்படி அனுப்புங்கள்:

‘இன்று உங்கள் அலுவலகத்தில், பள்ளிச் சான்றிதழ் திருத்தப்பட்ட பிறகே பிறப்புப் பதிவைத் திருத்த முடியும் என்று கூறப்பட்டது. பிறப்புப் பதிவு திருத்தப்பட்ட பிறகே சான்றிதழைத் திருத்த முடியும் என்று பள்ளி கூறுகிறது. இரண்டில் எது முதலில் என்பதையும், பள்ளிச் சான்றிதழுக்குப் பதிலாக ஏற்கப்படும் ஆவணங்கள் எவை என்பதையும் எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இதன் நகல் பள்ளிக்கும் அனுப்பப்படுகிறது.’

இதில் குற்றச்சாட்டு இல்லை, கண்ணீர் இல்லை, யார் பெயரும் இல்லை. ஆனால் இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டுவது ஒரே தாளில் வந்துவிட்டது. இப்போது பதில் சொல்லாமல் இருப்பதும் ஃபைலில் பதிவாகும். கவுன்ட்டருக்கு மேலே இருப்பவரிடம் போக நேர்ந்தால் எடுத்துப் போக வேண்டியதும் இந்தத் தாள்தான், நடந்த கதை முழுவதும் அல்ல.

போலீஸ் சான்றிதழ் காலாவதியானது வேறு எதனாலும் அல்ல, வரிசை தப்பியதால். காலாவதியே ஆகாதவை, ஆனால் கிடைக்க நாளாகும் என்பவை முதலில்: பிறப்பு, திருமணம், படிப்பு. அடுத்து மொழிபெயர்ப்பும், ஆவணத்தை வெளிநாடு ஏற்பதற்காக அரசு இணைத்துத் தரும் அப்போஸ்டில் சான்றும். ஆயுள் குறைந்தவை கடைசியில்: போலீஸ் சான்று, மெடிக்கல், வங்கிக் கணக்கு விவரம். கனடாவுக்கான மெடிக்கல் 12 மாதம் தாங்கும், வேறு சில நாடுகளில் அவ்வளவுகூடத் தாங்காது. பெயர் தகராறு தீராமல் போலீஸ் சான்றுக்குத் திரும்பப் பணம் கட்டிவிடாதீர்கள். பழைய எழுத்துக்கூட்டில் அதுவும் வந்து சேரும்.

அப்போஸ்டில் என்பதைப் பலர் ‘உண்மை என்று அரசு சான்று கொடுத்துவிட்டது’ என்று நினைக்கிறார்கள். 1961 அக்டோபர் 5-இல் ஹேக் நகரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி வருவது அது. குறைந்தது 9 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம், அதற்குள் எண் போட்ட பத்து விவரம். கையெழுத்துப் போட்டவர் யார், எந்தப் பதவியில், யாருடைய சீல் என்பதற்கு மட்டும்தான் அது பொறுப்பு. உள்ளே உங்கள் பெயர் தப்பாக இருந்தால் அப்போஸ்டிலோடு சேர்ந்து தப்பாக இருக்கும். திருத்தம் முடிந்த பிறகே அதற்குக் கொடுங்கள். ஜெராக்ஸ் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று அதன் ஸ்டேப்ளரைப் பிரிக்கவும் வேண்டாம், பிரித்த தடம் தெரிந்தால் வாங்கமாட்டார்கள். இன்னொன்று, கணவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் இந்த ஒப்பந்தத்துக்குள் வந்தன. அங்கே முன்பு போனவர்கள் ‘தூதரகத்தில் சீல் வாங்கணும்’ என்று சொல்வது அவர்கள் காலத்துக்குச் சரி, உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: மகனின் காகிதங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு பயணம் செய்தால், மற்றவரின் சம்மதக் கடிதத்தைப் பல நாடுகள் கேட்கும். உங்கள் கணவர் அங்கே இருப்பதால் அவர் அங்குள்ள நோட்டரி முன்போ உங்கள் நாட்டுத் தூதரகத்திலோ கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதற்கும் நாளாகும், இன்றே சொல்லிவையுங்கள். மகனின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் எந்த எழுத்துக்கூட்டில் இருக்கிறது என்றும் பாருங்கள். அதுவும் உங்கள் பழைய பெயரில் இருந்தால் இந்தத் திருத்த விண்ணப்பத்தோடேயே அதற்கும் கேட்டுவிடலாம். குழந்தைகளின் பாஸ்போர்ட் பல நாடுகளில் பெரியவர்களுடையதைவிடக் குறைந்த காலத்துக்குத்தான் தருகிறார்கள். ஷெங்கன் குறுகியகால விசாவுக்கு, அங்கிருந்து கிளம்பும் தேதிக்கு அப்பாலும் மூன்று மாதம் மிச்சம் இருக்க வேண்டும். வேறு பல நாடுகள் ஆறு மாதம் கேட்கும்.

டிக்கெட் விஷயத்தில் உங்கள் கணவரோடு நான் ஒத்துப்போகவில்லை. பயணத் தேதி நெருங்குகிறது என்பதற்காக வரிசையைத் தாண்டி யாரும் கொடுப்பதில்லை. உயிருக்கு ஆபத்தான நோய், மரணம் போன்ற அவசரங்களுக்குத்தான் பெரும்பாலும் தனி வழி. ஷெங்கனில்கூட முடிவுக்கு 15 நாள் என்றாலும் கூடுதல் பரிசீலனை என்றால் 45 நாள்வரை நீட்டிக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள் என்று பல தூதரகங்களே எழுதிவைத்திருக்கின்றன. சில விசாக்களுக்கு முன்பதிவு விவரம் கேட்பார்கள், அதற்குப் பணம் கட்டாமல் பிடித்துவைக்கும் முன்பதிவு போதும். உங்கள் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் அந்தக் காசை மொழிபெயர்ப்புக்கும் அப்போஸ்டிலுக்கும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.